நிறுவனத்தின் உலகம்: மெய்நிகர் மெய்ம்மையும் மலாக்காத் தோட்டத்து மனிதரும்

கணினியால் ஆக்கப்பட்டு, கண்ணையும் காதையும் மூடும் கருவி ஒன்றின் வழியே மனிதரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் உலகத்தை மெய்நிகர் மெய்ம்மை என்பர். அதைப் பற்றிய மெய்யியல் விவாதங்களில் பெரும்பாலானவை, அவ்வுலகம் உண்மையானதா பொய்யானதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நடந்துவருகின்றன. கேள்வி முக்கியமானதுதான். ஆயினும் மலாக்கா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும், அவற்றை ஒட்டி வளர்ந்த ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா முதலிய சிறுநகரங்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழரின் பட்டறிவை முன்வைத்துப் பார்க்கும்போது, வேறொரு கேள்வி அதற்கு முன்னே வந்து நிற்கிறது. ஓர் உலகத்தை ஆக்கியவர் யார், யாருக்காக அதை ஆக்கினார், உள்ளே மனிதர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே அதை மூடிவிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அக்கேள்வி. இச்சொற்பொழிவின் பொருளும் அதுவே.

இவ்வாராய்ச்சிக்கு மலாக்கா நகரம் ஏற்ற இடம். இங்கே நிகரிகளுக்கு, அதாவது பழையவற்றைப் போலவே மீண்டும் ஆக்கிய உருவங்களுக்கு, பஞ்சமில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் மன்சூர் ஷா வாழ்ந்த மர அரண்மனை, 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலின் வருணனையை ஆதாரமாகக் கொண்டு 1984இல் கட்டத் தொடங்கப்பெற்று, 1986இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியப் படைத்தலைவர் அல்புகெர்க், கொள்ளைப்பொருளோடு திரும்புகையில் சுமத்ராக் கடலில் மூழ்கிய 'ஃப்ளோர் டி லா மார்' கப்பலின் உருவம் ஆற்றங்கரையில் நிற்கிறது. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் தகர்த்தபோது ஒரு வாயில் மட்டும் தப்பியது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பயணி, இல்லாத மதில்களை மனத்தாலே கட்டி நிரப்பிக்கொள்கிறார். மன்னனுக்கும் படைத்தலைவனுக்கும் இவ்வாறு நிகரி கிடைத்த ஊரில், 20ஆம் நூற்றாண்டின் பொருளாதாரத்தைத் தோளில் சுமந்த தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. எதை மீண்டும் கட்டுவது என்று முடிவு செய்பவர், எது நினைக்கத் தக்கது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார்.

தொழில்நுட்பத்தின் அடிப்படை எளிது. 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து, கூரையிலிருந்து தொங்கும் தலைக்கருவி ஒன்றை அமைத்தார். அதை அணிந்தவர் தலையைத் திருப்பினால், கண்முன் தெரிந்த கோட்டுருவமும் அதற்கேற்ப மாறியது. 1980களில் ஜாரன் லேனியர் இத்துறையின் பெயரைப் பரப்பினார். இன்றைய கருவிகள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டி ஆழத்தை உண்டாக்குகின்றன. தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதத்தை ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடக்கவும் முயல்கின்றன. தாமதம் கூடினால், கண் ஒன்று சொல்ல, காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லி, தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிடும். உள்ளே நுழைந்தவருக்கு எழும் உணர்வை மெல் ஸ்லேட்டர் என்னும் ஆய்வாளர் 2009இல் இரண்டாகப் பிரித்தார்: காட்டப்படும் இடத்திலேயே உடல் இருப்பதான உணர்வு ஒன்று, அங்கு நடப்பது மெய்யாகவே நடக்கிறது என்ற உணர்வு மற்றொன்று. இவை எவ்வளவு எளிதில் எழக்கூடியவை என்பதைக் காட்டக் கணினியே தேவையில்லை. 1998இல் மாத்யூ பாட்வினிக், ஜோனதன் கோஹன் ஆகிய இருவர் நடத்திய சோதனையில், ஒருவரின் கையை மறைத்து வைத்துவிட்டு, அவர் கண்முன் ஒரு ரப்பர்க் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில் அந்த ரப்பர்க் கையே தம்முடையது என்று அவர் உணரத் தொடங்கினார். தன் உடல் எது என்பதில்கூட மனித மனம் இவ்வளவு இளகியதாக இருக்கிறது.

மேலைநாட்டு மெய்யியல் இவ்விடத்தில் பழைய ஐயம் ஒன்றை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. புலன்கள் காட்டும் உலகம் முழுவதும் ஏமாற்றாக இருக்கக்கூடுமோ என்று 1641இல் தெக்கார்த் எழுப்பிய ஐயம் அது. அதைவிட இப்பொருளுக்கு நெருக்கமானது ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்த அனுபவ இயந்திரம் என்னும் கற்பனைச் சோதனை. விரும்பிய அனுபவம் எதுவானாலும் தரக்கூடிய இயந்திரத்தில் வாழ்நாள் முழுவதும் இணைந்துகொள்ள மனிதர் ஒப்புவாரா என்று கேட்ட நோசிக், ஒப்பமாட்டார் என்றே கருதினார்; செயல்களைச் செய்ததான உணர்வு மட்டும் மனிதருக்குப் போதாது, செயல்களை உண்மையிலேயே செய்ய வேண்டும், ஒரு குறிப்பிட்ட வகை மனிதராக இருக்கவும் வேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். 2022இல் வெளிவந்த நூலில் டேவிட் சால்மர்ஸ் இதற்கு எதிர்முனையில் நிற்கிறார். மெய்நிகர் உலகிலும் மனிதர் தெரிவு செய்கின்றனர், பழகுகின்றனர், பகைக்கின்றனர். அங்குள்ள பொருள்கள் எண்மத் தரவாலான பொருள்களே அன்றிப் பொய்த்தோற்றங்கள் அல்ல. ஆகவே அங்கும் பொருள் பொதிந்த வாழ்வு இயலும் என்பது அவர் கொள்கை. இதில் பெரும்பகுதியை மறுக்க இயலாது. மெய்நிகர் கூட்டத்தில் ஒருவரை இழிவாகப் பேசினால், அந்த இழிவு மெய்நிகரானதன்று. அது அவரை வீடுவரை தொடர்கிறது.

தமிழ் மெய்யியலுக்கு இது புதிய வழக்கன்று. கயிற்றைப் பாம்பாகக் காண்பதுபோலவே உலகத்தைக் காண்பதும் என்னும் மாயாவாதத்துக்கு எதிராகச் சைவ சித்தாந்தம் நெடுங்காலமாக வாதாடி வந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் அருளிய சிவஞான போதத்தையும் அதன் வழிவந்த நூல்களையும் பின்பற்றுவோர்க்கு உலகம் உள்பொருள். மாயை என்பது பொய்த்தோற்றத்தைக் குறிக்காமல், உலகம் தோன்றுவதற்குரிய முதற்காரணத்தைக் குறிக்கும். அம்மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிருக்கு அமைகின்றன. தனு உடல்; கரணம் மனம் முதலிய கருவிகள்; புவனம் வாழும் உலகம்; போகம் அங்கு நுகரும் இன்ப துன்பம். மெய்நிகர்த் தொழில்நுட்பத்தை இந்நான்கின் துணைகொண்டு பிரித்துப் பார்த்தால், அது செய்வது என்ன என்பது தெளிவாகிறது. அது புதிய புவனத்தையும் போகத்தையும் தருகிறது. கரணங்களைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. தனுவை மட்டும் பழைய உலகத்திலேயே, பசியோடும் மூப்போடும், ஒரு நாற்காலியில் விட்டுவிடுகிறது. உண்மை, பொய் என்ற இரண்டே பெட்டிகளில் அடைக்க முயலும் விவாதத்தைவிட இந்தப் பகுப்பு நுட்பமானது.

சித்தாந்தம் கூறும் மற்றொரு கருத்தும் இங்கே கவனிக்கத் தக்கது. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் இயல்பை ஏற்கும் தன்மை உடையது. இதனைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். 2007இல் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்னும் ஆய்வாளர் இருவர், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் தரப்பட்டவர்கள் பேரத்தில் கூடுதல் விடாப்பிடியோடு நடந்துகொண்டதைக் கண்டறிந்து, அதற்குக் கிரேக்கத் தொன்மத்தில் வரும் புரோட்டியஸ் என்னும் உருமாறியின் பெயரை இட்டனர். மனிதர் உருவத்தை அணிகிறார். உருவம் மனிதரைத் திருத்துகிறது. இரு மரபுகளும் வெவ்வேறு நோக்கத்தோடு எழுந்தவை என்பதால் ஒன்றை மற்றொன்றின் சான்றாகக் காட்டுவது முறையாகாது. 'எல்லாம் நம் முன்னோர் சொன்னதே' என்னும் மேடைப்பேச்சு சித்தாந்தத்துக்குச் சிறப்புச் சேர்க்காது. எனினும், சித்தாந்தம் இத்தோடு நிற்கவில்லை. தனு, கரண, புவன, போகங்கள் இறைவனால் உயிரின் பொருட்டே கூட்டப்படுகின்றன, உயிர் பக்குவப்பட்டு விடுதலை அடைவதே அவற்றின் பயன் என்று அது வற்புறுத்துகிறது. ஒரு புவனம், அதில் வாழும் உயிரின் பொருட்டு அமையாமல், அமைத்தவரின் ஆதாயத்துக்காக அமைந்தால் என்ன ஆகும்? மலாக்காத் தமிழர் இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள்.

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது இம்மாநிலத்தில்தான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் ஊக்கத்தால், டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. நாடெங்கும் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. முதலில் ஒப்பந்தக் கூலி முறையிலும், அது 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையிலும் தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். 1938இல் இந்திய அரசு இவ்வகை ஆளனுப்புதலைத் தடைசெய்தது.

அவ்வாறு வந்தவர்கள் குடியேறிய இடம், ஒரு நிறுவனம் தன் தேவைக்கேற்ப வரைந்து அமைத்த முழு உலகம். மேட்டில் தோட்ட மேலாளரான துரையின் பங்களா. அதற்குக் கீழே கணக்கர்களான கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே லயங்கள். மருந்துக் கொட்டகை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, கடன் எழுதும் மளிகைக்கடை, சட்டத்தின் வற்புறுத்தலால் திறந்த தமிழ்ப்பள்ளி என எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளே இருந்தன. விடிவதற்கு முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதோடு நாள் தொடங்கும். வெட்ட வேண்டிய நிரையும், கொண்டுவர வேண்டிய பாலும், நிறுத்துப்போடும் நேரமும் வேறொருவர் வகுத்தவை. இரவு மழை பெய்து மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலியும் இல்லை. பிறந்ததிலிருந்து புதைக்கப்படும்வரை ஒருவர் தோட்டத்தின் எல்லையைத் தாண்டாமலே வாழ்ந்து முடித்துவிடக்கூடிய அளவுக்கு அது நிறைவான உலகம். அந்த நிறைவே அதன் கொடுமை.

ஆனால் அந்த உலகத்தின் கதை துரையின் கணக்குப் புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. நிறுவனத்தின் நிலத்தில் தொழிலாளர் தம் காசைப் போட்டு மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர், தீ மிதித்தனர், வீட்டுக்கு வீடு மாமன் மச்சான் முறை வைத்து அழைத்துக்கொண்டனர், திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களுக்காக நாளெண்ணிக் காத்திருந்தனர். ஒருவர் ஆதாயத்துக்காக அமைத்த புவனத்தை, அதில் வாழ்ந்தவர்கள் தம் உறவுகளால் தமக்கான புவனமாக மாற்றிக்கொண்டனர். சால்மர்ஸின் வாதத்துக்கு இதைவிட வலுவான துணை கிடைப்பது அரிது: உலகம் எந்த நோக்கத்தோடு கட்டப்பட்டிருந்தாலும், அதற்குள் நடந்த வாழ்வு முழு உண்மையான வாழ்வே. அவர் வாதத்தின் குறையும் இதே இடத்தில்தான் தெரிகிறது. வாழ்வு வாழ்ந்தவருடையது, நிலப்பட்டா நிறுவனத்தினுடையது. 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சட்டத்தின் கண்ணில் பட்டது பட்டா மட்டுமே. பின்னர் 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதிருந்தவர்களை வேலை அனுமதிக்கு அலையவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேறிடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயங்கள் இடிந்து, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட, மரங்களுக்கு நடுவே ஒரு கோயிலும் சில கல்லறைகளும் மிஞ்சிய தோட்டங்கள் நாட்டில் பல.

இன்றைய மெய்நிகர் உலகங்களும் நிறுவனங்களின் நிலத்தில்தான் நிற்கின்றன. ஓகுலஸ் என்னும் தலைக்கருவி நிறுவனத்தை ஃபேஸ்புக் 2014இல் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மெட்டாவெர்ஸ் எனப்படும் பகிர்ந்து வாழும் மெய்நிகர் உலகமே எதிர்காலம் என்று சொல்லி, 2021 அக்டோபரில் தன் பெயரையே மெட்டா என மாற்றிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் நடத்திவந்த ஆல்ட்ஸ்பேஸ் என்னும் மெய்நிகர்க் கூடுமிடம் 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அங்கே கூடிப் பழகியவர்களின் அரங்குகளும் மன்றங்களும் அதோடு போயின. தோட்டம் விற்கப்பட்ட செய்தியைப் பெரட்டுக் களத்தில் கேட்டவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இருந்திராது. மேலும், இவ்வுலகங்களில் உடலின் அசைவே விளைச்சலாகிறது. 50,000க்கும் மேற்பட்ட பயனாளர்களின் தலை, கை அசைவுகளை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 100 நொடி அசைவுத் தரவு இருந்தால் ஒருவரை 94 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட துல்லியத்தோடு அடையாளம் காணலாம் என்று காட்டியது. பெரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். இங்கே தலை திருப்பினாலே போதும்.

இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது தவறு. தோட்டத் தொழிலாளி விரும்பியபோது வெளியேற முடியாதவர். கடனும், கடலும், பிள்ளைகளும் அவரைக் கட்டிப்போட்டிருந்தன. தலைக்கருவியை அணிந்தவர் அதைக் கழற்றி வைக்கலாம். பிறர் துன்பத்தை மெய்நிகர்ப் படங்களால் உணர்த்த முனைவோர் இந்த வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றனர். ஜோர்தானில் உள்ள சாத்தாரி அகதி முகாமில் வாழ்ந்த சிரியச் சிறுமியைப் பற்றி ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவோடு 2015இல் வந்த படத்தை எடுத்தவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், இக்கருவியைப் பரிவை ஊட்டும் இயந்திரம் என்று புகழ்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன தோட்டத் தமிழரின் கதையையும் யாரேனும் ஒருநாள் அவ்வாறு படமாக்கலாம்; பார்ப்பவர் கண்கலங்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அறிந்தவர் காணும் காடு, திரும்புவோமா என்று அறியாதவர் கண்ட காடு ஆகாது. பரிவு பிறக்கலாம், அதை அறிவு என்று எண்ணிக்கொள்வதே ஆபத்து.

இறந்தோரை மீட்டுக் காட்டுவது இத்தொழில்நுட்பத்தின் மிகக் கனமான பயன்பாடு. தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று 2020இல் ஒரு தாயை, நோயால் இறந்த அவருடைய மகளின் மெய்நிகர் உருவத்தோடு சந்திக்கவைத்து ஒளிபரப்பியது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெட்டாவெர்ஸில் நடத்தப்பட்டபோது, மணமகளின் மறைந்துவிட்ட தந்தை அங்கே உருவமாக வந்து நின்றார். தமிழ்நாட்டின் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 2024 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவால் ஆன அவருடைய உருவமும் குரலும் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கின. ஏங்கும் மகளின் விருப்பத்தை எள்ளுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. அந்தத் திருமணத்தில் தந்தைக்கு இடம் ஒதுக்கியது அன்பின் செயல். அரசியல் மேடையில் இறந்தவரைப் பேசவைப்பது வேறு வகையைச் சேர்ந்தது. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைப்பது அது. அதை ஏற்பதற்கில்லை.

மலாக்கா செட்டிகளின் வழக்கம் ஒன்று இங்கே ஒப்புநோக்கத் தக்கது. சுல்தான்கள் காலத்துத் தமிழ் வணிகர்களின் வழிவந்த இச்சமூகத்தார் காஜா பேராங்கில் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடைய முன்னோரின் கொடை. தமிழ்ப் பேச்சை இழந்து, மலாய் கலந்த மொழி பேசினாலும், சைவ வழிபாட்டை இவர்கள் விடவில்லை. பொங்கலை ஒட்டியும் பழப் பருவத்திலும் பார்ச்சு என்னும் சடங்கில் வாழையிலையில் உணவு பரிமாறி மூதாதையரை அழைக்கின்றனர். அங்கே உருவமும் இல்லை, குரலும் இல்லை. இறந்தவர் சார்பில் யாரும் பேசுவதும் இல்லை. வருபவருக்கு என்ன பிடிக்கும் என்று நினைவுபடுத்திச் சமைப்பதில் இருப்பவரின் உழைப்பு முழுவதும் செலவாகிறது. மெய்நிகர்ச் சந்திப்பு இருப்பவரின் கண்ணுக்கு விருந்து வைக்கிறது. பார்ச்சு இல்லாதவருக்கு விருந்து வைக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்தவரை முன்னதே மெய்ம்மைக்கு நெருங்கியது. உறவைப் பொறுத்தவரை பின்னதே நெருங்கியது. செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மாசி மகத்தன்று காவடி எடுப்பவருக்கும் இது விளங்கும்: பூசையைத் திரையில் கண்டு கும்பிடலாம், நேர்த்திக்கடனைத் திரையில் செலுத்த முடியாது, அதற்குத் தோள் வேண்டும்.

தோட்டத்தை மெய்நிகராக மீட்டெடுக்கும் முயற்சி விரைவில் வரத்தான் போகிறது. அது சுற்றுலாத் துறையின் காட்சிப்பொருளாக, பனி படர்ந்த நிரைகளும் பறவைக் குரலும் மட்டும் கொண்ட அழகிய பொய்யாக அமைவதும், பெரட்டும் கடன் புத்தகமும் ஆயாக் கொட்டகைத் தூளியும் உள்ள தோட்டமாக அமைவதும், மூலப்பொருளை யார் திரட்டுகிறார், யார் உடைமையாக வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இதற்கு முன்மாதிரி இந்நாட்டிலேயே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கச் செய்தார். வாழ்பவரே உலகத்துக்கு உடைமையாளராக வேண்டும் என்னும் மெய்யியல் கருத்தை, அந்தப் பெயரைச் சொல்லாமலே, பால்மரம் வெட்டியவர்கள் நடைமுறைப்படுத்திக் காட்டினர்.

நினைவுக்கும் அவ்வகைக் கூட்டுறவு ஒன்று தேவை. 1950களில் பால்வெட்டத் தொடங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டனர். புக்கிட் லிந்தாங், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் அவர்களுடைய குரலையும், லயத்தின் அளவுகளையும், கோயில் அமைந்திருந்த இடத்தையும், பழைய படங்களையும் இப்போதே பதிந்து தம் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நிறுவனம் கேட்டாலும், உரிமையை எழுதிக் கொடுக்காமல், பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும்.